மன்றமும் மன்றாட்டும்

பட்டினசபைக் கூட்டமொன்றிலே பேசப்படும் விடயங்கள் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டியவை. வடிகால், தெருவிளக்கு, குப்பை, சந்தை வாடகை, வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்ப அனுமதி ஆகியவற்றுக்கும் பரம்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் வினவலாம். எனினும், உலகின் பல நாடுகளில் இத்தகைய கூட்டங்கள் பிரார்த்தனையுடனேயே ஆரம்பமாகின்றன. அது முன்னோர் வழக்கம், எவரையும் புண்படுத்தாதது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவது என்று கூறி அப்பாற் செல்வோர் பலர். அந்த இரண்டு நிமிடங்களை முன்னிட்டு ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் அதியுயர் நீதிமன்றங்கள் வரை மக்கள் வழக்காடியிருக்கிறார்கள் என்பதை நோக்கும்போது, அவை அத்துணை அற்பமான நிமிடங்கள் அல்ல என்பது புலனாகும்.

நியூயோர்க் மாநிலத்திலே, ரொச்செஸ்டர் நகரை அடுத்து, கிரீஸ் என்னும் பட்டினம் ஒன்றுண்டு. ஏறத்தாழ 95,000 மக்கள் வாழும் ஊர். அதன் சபை மாதந்தோறும் கூடும்பொழுது சிறிது நேரம் மௌனமாயிருந்து பின் அலுவல்களைத் தொடங்குவதே பழைய வழக்கம். 1999இல் புதிதாகப் பதவியேற்ற சபைத் தலைவர், மௌனத்துக்குப் பதிலாக உள்ளூர்க் குருமாரை அழைத்துப் பிரார்த்தனை செய்விக்கலானார். 1999 தொடக்கம் 2007 வரை அங்கு வந்து பிரார்த்தித்தோர் அனைவரும் கிறித்தவர்களே. அவர்களுட் பலர் கிறித்துவின் நாமத்தாலேயே மன்றாடினர். சபையினருக்கு முதுகைக் காட்டிப் பொதுமக்களை நோக்கி நின்றவண்ணம், எல்லோரும் தலைவணங்குங்கள், எம்முடன் சேர்ந்து மன்றாடுங்கள் என்று வேண்டினர். யூதப் பெண்மணி ஒருவரும் கடவுள் நம்பிக்கையற்ற பெண்மணி ஒருவரும் இதனை ஆட்சேபித்தனர். ஆட்சேபம் எழுந்தபின் 2008இல் சில மாதங்களுக்கு யூதர் ஒருவர், பஹாய் சமயத்தவர் ஒருவர், இயற்கை வழிபாட்டினரான விக்கா மரபுப் பூசாரிணி ஒருவர் ஆகியோருக்கும் மேடை கிடைத்தது. அடுத்து வந்த பதினெட்டு மாதங்களில் மீண்டும் கிறித்தவர் மாத்திரமே பிரார்த்தித்தனர். இடையிலே ஒரு போதகர், எதிர்ப்போர் சிறுபான்மையினர் என்றும் நாட்டின் வரலாற்றை அறியாதவர்கள் என்றும் அம்மேடையிலேயே இடித்துரைத்தார். பிரார்த்தனை எவ்வளவு விரைவிலே பிரசங்கமாகவும், பிரசங்கம் எவ்வளவு விரைவிலே வசையாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2014 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே பட்டினத்தின் சார்பில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் கென்னடி இரண்டு நியாயங்களை முதன்மைப்படுத்தினார். ஒன்று மரபு. மற்றொன்று, வளர்ந்தோர் தமக்கு உவப்பில்லாத பேச்சைப் பல இடங்களிலும் கேட்கவே செய்கிறார்கள், விரும்பாதவர் வெளியே செல்லலாம், அல்லது பேசாமல் அமர்ந்திருக்கலாம் என்பது. நீதியரசர் தோமஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சட்டத்தின் வலிமையாலும் தண்டனை அச்சத்தாலும் கட்டாயப்படுத்துவதே கட்டாயம், ஏனையது கட்டாயமன்று என்பது அவர் கருத்து.

மாறுபட்ட தீர்ப்பை வழங்கிய நீதியரசர் எலினா கேகன் ஒரு காட்சியைக் கற்பனை செய்து காட்டினார். முஸ்லிம் பெண் ஒருத்தி ஏதோ ஓர் அனுமதி வேண்டி அச்சபைக்கு வருகிறாள். தன் முறை வருவதற்குமுன், தேவகுமாரனின் நாமத்தால் மன்றாடும்படி அவள் கேட்கப்படுகிறாள். அவள் என்ன செய்வாள்? தன் நெஞ்சு ஒப்பாத வணக்கத்திலே தலைகுனிய வேண்டும், அல்லது தான் வேறொருத்தி என்பதைச் சபையறிய வெளிப்படுத்த வேண்டும். இரண்டிலொன்றைத் தெரிவு செய்த பின்னர்தான் அவள் தன் விண்ணப்பத்தைப் பேசலாம்.

இவ்விடத்திலே சற்று நிதானித்துச் சிந்திப்பது தகும். பிரச்சினையின் உயிர்நிலை ஈண்டேயுளது. பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அரசியல்வாதிகள். பார்வையாளருக்கு அங்கு அலுவல் இல்லை. பட்டினசபை அத்தகையதன்று. அதிகாரம் சாதாரண மனிதனுக்கு மிக அண்மையில் வந்து நிற்கும் இடம் அது. ஐந்தாறு பேர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார்கள். கடைக்கு உரிமம் வேண்டியவன், வாசலில் தேங்கும் நீருக்கு வடிகால் வேண்டியவன், வேலியைத் தள்ளிப் போட அனுமதி வேண்டியவன் முன்னால் நிற்கிறான். அவன் ஏற்கெனவே ஒரு மன்றாட்டுடன் வந்தவன். அம்மன்றாட்டுக்கு விடையளிக்கப் போகிறவர்களின் கண்முன்னே இன்னொரு மன்றாட்டிலும் பங்குகொள்ளுமாறு கேட்கும்போது, விரும்பினால் வெளியே போ என்று சொல்வது என்ன சுதந்திரம்? கதவு திறந்திருக்கிறது என்பது உண்மையே. அக்கதவால் வெளியேறுபவனை மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்கள் நீதிமான்களாகவே இருக்கலாம். அவன் வெளியேறியதை மனத்திற் கொள்ளாமலே வடிகால் அமைத்துக் கொடுக்கவும் கூடும். ஆயினும், அவர்களுடைய நீதியை அவன் நம்பியே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் அவர்களே. தன் சமயத்தைப்பற்றி எதுவும் தெரிவியாமலே வடிகால் கேட்கும் உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது.

சட்டமும் தண்டனையும் இல்லாவிடில் கட்டாயம் இல்லை என்ற வாதத்தை நம் வாசகர்கள் வேறோர் உருவத்தில் அறிவார்கள். தொழிலாளி தன் உழைப்பைச் சுதந்திரமாகவே விற்கிறான், வேண்டாமென்றால் விலகிப் போகலாமே என்று முதலாளி கூறும் வாதமும் இதுவே. தேவை உள்ளவனுக்கும் தேவையை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவனுக்கும் இடையே விருப்பம் என்ற சொல் சமமான பொருளைத் தருவதில்லை.

இனி மரபு. அமெரிக்க முதலாவது காங்கிரஸ் 1789இல் சமயத்தை நிறுவுவதைத் தடைசெய்யும் திருத்தத்தை வகுத்த அதே நாட்களில் தனக்கெனச் சம்பளத்துக்குக் குருமாரையும் நியமித்தது. ஆகவே இரண்டும் முரணல்ல என்று 1983இல் நெப்ராஸ்கா சட்டசபை வழக்கிலே நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால், அத்திருத்தத்தை வரைந்தோருள் முதல்வரான ஜேம்ஸ் மடிசன், பிற்காலத்தில் எழுதிய குறிப்பொன்றிலே அந்நியமனம் சம உரிமைக்கு முரணானது என்று கண்டித்தார். கத்தோலிக்கர், குவேக்கர் போன்றோரின் குரு எவரும் பெரும்பான்மையினரால் அப்பதவிக்கு ஒருபோதும் தெரிவாகார் என்பது அவர் எடுத்துக்காட்டிய நியாயம். நீதியரசர் பிரெனன், சட்டசபைப் பிரார்த்தனையை 1963இல் ஏற்கத்தக்கதாகக் கருதி எழுதியவர். இருபது ஆண்டுகளின் பின் நெப்ராஸ்கா வழக்கில் தாம் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டு மாறுபட்ட தீர்ப்பளித்தார். நீதிமன்றங்களில் அடிக்கடி காணக் கிடைக்காத பண்பு இது.

நெப்ராஸ்கா வழக்கிலே பக்தர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அங்கே பதினாறு ஆண்டுகள் பிரார்த்தனை செய்தவர் பிரெஸ்பிட்டேரியன் குரு ஒருவர். மாதம் 319.75 டொலர் பொதுப்பணத்திலிருந்து அவருக்கு வழங்கப்பட்டது. யூத உறுப்பினர் ஒருவர் முறையிட்டதன் பின் 1980இல் அவர் தமது பிரார்த்தனையிலிருந்து கிறித்து பற்றிய குறிப்புகளையெல்லாம் நீக்கிவிட்டார். நீதிமன்றம் இதனைத் தன் தீர்ப்பிலே குறிப்பிட்டது. எமக்கோ இது துயரமான காட்சியாகத் தோன்றுகிறது. தம் ஆண்டவரின் பெயரையே விழுங்கிக்கொண்டு மாதச் சம்பளத்துக்கு மன்றாடும் குரு யாரை நோக்கி மன்றாடுகிறார்? எவருக்கும் நோகாதபடி செதுக்கிய பிரார்த்தனையில் இறைவனுக்கு இடமில்லை. செதுக்காத பிரார்த்தனையில் மாற்றானுக்கு இடமில்லை. அரசின் மேடையிலே இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி கிடையாது.

அரசையும் திருச்சபையையும் பிரிப்பது நாத்திகரின் சூழ்ச்சி என்பார் வரலாற்றை மறந்தவர்கள். மசாச்சூசெற்ஸிலிருந்து 1635இல் நாடுகடத்தத் தீர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு புரொவிடன்ஸ் குடியேற்றத்தை நிறுவிய றோஜர் வில்லியம்ஸ், கடுமையான விசுவாசி. சத்தியம் செய்வதே ஒரு வழிபாடு, ஆதலால் விசுவாசமற்றவனை அதிகாரி சத்தியம் செய்விப்பது கடவுளின் பெயரை வீணாக்குவிப்பதாகும் என்று வாதாடியவர். மெய்யான வழிபாட்டிலே அவருக்கிருந்த பிடிவாதமே பிரிவினையை அவர் வேண்டியதற்குக் காரணம். வேர்ஜீனியாவில் அனுமதிப் பத்திரமின்றிப் பிரசங்கித்தமைக்காகச் சிறையிருந்தவர்கள் பப்ரிஸ்து போதகர்கள். பிரிக்கும் மதில் பற்றி ஜெபர்சன் 1802இல் எழுதிய புகழ்பெற்ற கடிதமும் கனெக்ரிகற் மாநிலத்தின் டான்பரிப் பப்ரிஸ்தர்களுக்கே. தெருமுனைகளில் நின்று பிறர் காணச் செபிப்போரைக் கண்டித்து, அறையினுட் சென்று கதவைச் சாத்திச் செபிக்கச் சொன்னவர் யார் என்பதைப் பட்டினசபைக்கு வந்த போதகர்கள் அறியாதவர்களல்லர்.

எல்லாச் சமயத்தவருக்கும் முறை கொடுத்துவிட்டால் என்ன என்று சமரசவாதிகள் கேட்பர். தீர்ப்பு வந்த இரண்டு மாதங்களின்பின், 2014 யூலையில் நாத்திகர் ஒருவரும் கிரீஸ் பட்டினசபையைத் தொடக்கிவைத்தார். வேடிக்கையான நிகழ்ச்சிதான். ஆயினும், முறை வைப்பவர் யார்? எது சமயம், எது சமயமன்று என்று பட்டியல் வகுப்பவர் யார்? சபையின் எழுதுவினைஞரே. முன்னர் ஆயர்களும் பேரவைகளும் செய்த வேலை இப்பொழுது அவருடைய மேசைக்கு வந்துவிடுகிறது.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடயத்திலே பிறரை மாத்திரம் குறைகூற இயலாது. அல்பேனிய அரசு 1967இல் கோவில்களையும் பள்ளிவாசல்களையும் மூடித் தன்னை நாத்திக அரசென அறிவித்தது. அங்கும் அதிகாரி ஒருவன் குடிமகனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்த பின்னரே அவனை மனிதனாக மதித்தான். இலங்கையிலும் நமக்கொரு கணக்கு உண்டு. எச்சமயத்தவருக்கும் மற்றவருக்கில்லாத சலுகையைச் சட்டத்தால் வழங்கலாகாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அதனைக் கைவிட்டுப் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை அளித்தது. அவ்யாப்பை உருவாக்கும் பொறுப்பிலிருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, நாடறிந்த மார்க்சியவாதி. மற்றச் சமயத்தவரின் உரிமைகளுக்கும் அதே யாப்பில் உத்தரவாதம் உண்டு, முதன்மை என்பது வெறும் மரியாதைச் சொல்லே என்று அன்று சமாதானம் கூறப்பட்டது. இரண்டு நிமிடந்தானே என்ற வாதத்துக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது. 1978இன் யாப்பிலும் அச்சொல் 9ஆம் உறுப்புரையாக நிலைத்துவிட்டது.

பொதுவிடத்திலே பிரார்த்தனையே கூடாதா என்ற ஐயம் எழலாம். 1962 யூன் மாதத்திலே, நியூயோர்க் பள்ளிகளில் அரசு எழுதிக்கொடுத்த இருபத்திரண்டு சொற்பிரார்த்தனை செல்லாது என அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடவுளை நாட்டைவிட்டே துரத்திவிட்டார்கள் என்று பெருங்கூச்சல் எழுந்தது. அடுத்த மாதம், ஜோர்ஜியா மாநிலத்து அல்பனி நகரிலே, நகர மண்டபத்தின் முன்னால் நின்று பிரார்த்தித்ததற்காக மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். நிறபேதத்தை நீக்குவது பற்றி நகர ஆட்சியாளர் பேச மறுத்தமையால் அவர்கள் வீதியில் நின்று மன்றாடினார்கள். ஒன்று மண்டபத்தின் உள்ளே அதிகாரத்தின் குரலாக ஒலிப்பது. மற்றது வாசலிலே அதிகாரத்தை நோக்கி ஒலிப்பது. முன்னதை நிறுத்தியதால் பின்னதற்கு எந்தக் குறையும் நேரவில்லை. அல்பனியில் பிரார்த்தித்தவர்களைச் சிறையிட்டவர்கள் நாத்திகர்களுமல்லர்.

இங்கிலாந்தின் கதை சுருக்கமானது. டெவன் பகுதியைச் சேர்ந்த பிடிஃபோர்ட் பட்டினசபைக்கு, கூட்ட நிகழ்ச்சியின் பகுதியாகப் பிரார்த்தனை வைக்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகாரமில்லை என 2012இல் மேல் நீதிமன்றம் தீர்த்தது. 2015இல் பாராளுமன்றம் புதிய சட்டமியற்றி அவ்வதிகாரத்தை வழங்கிற்று. அப்பாராளுமன்றத்திலேயே, நெரிசலான நாளிலே ஆசனத்தைப் பிடித்துவைக்க விரும்பும் உறுப்பினர் பிரார்த்தனைக்கு வந்து தம் பெயர்ச்சீட்டை வைப்பது வழக்கம் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்துச் சாகனே நகரிலே மேயர் ஒலிபெருக்கியின் முன் எழுந்து, சிலுவை அடையாளமிட்டுப் பிரார்த்திப்பார். நம்பிக்கையற்ற குடிமகன் ஒருவர் முறையிட்டார். நகரசபை 2008இல் ஒரு துணைவிதியை இயற்றிற்று. பிரார்த்தனை முடிந்தபின் கூட்டம் முறைப்படி ஆரம்பமாவதற்கு இரண்டு நிமிட இடைவெளி விடப்படும்; வேண்டாதவர்கள் அதன்பின் உள்ளே வரலாம். 2015 ஏப்ரல் 15இல் கனடிய உயர் நீதிமன்றம் ஒருமனதாக அப்பிரார்த்தனையைத் தடைசெய்தது. முறையிட்டவருக்கு 30,000 டொலர் நட்டஈடும் கிடைத்தது. அரசு எச்சமயத்தையும் சாராது, எச்சமயத்துக்கும் இடையூறாகாது இருப்பதே அதன் கடமை என்றும், நம்பிக்கையின்மையும் மனச்சாட்சிச் சுதந்திரத்தின் பாற்பட்டதே என்றும் நீதிமன்றம் கண்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், கூட்டத்துக்கு வந்த சாகனே நகர வரியிறுப்பாளர் ஒருவர், பிறர் செபித்து முடிக்கும்வரை வெளியே காத்துநின்று, கதவைத் திறந்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கத் தம் ஆசனத்தைத் தேடிச் செல்ல அந்த இரண்டு நிமிடங்களே அவருக்கு அளிக்கப்பட்டிருந்தன.