பயிற்சியும் பற்றறுத்தலும்: புரூஸ் லீயை முன்வைத்து

பயிற்சி மனிதனை விடுவிக்கிறதா, அல்லது இன்னொரு கட்டாக அவன்மேல் விழுகிறதா என்பது இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலமாக விவாதித்து வரும் வினா. பதஞ்சலியின் யோக சூத்திரம் மனத்தின் அலைவுகளை அடக்க அப்பியாசம், வைராக்கியம் என்னும் இரண்டையும் ஒருசேர விதிக்கிறது. அப்பியாசம் என்பது ஒன்றையே இடைவிடாமல் நெடுநாள் செய்து அதை உடலிலும் மனத்திலும் ஊற வைப்பது. வைராக்கியம் என்பது பற்றை அறுப்பது. முன்னது சேர்க்கிறது, பின்னது உதறுகிறது. அப்படியாயின் அந்த அப்பியாசத்தின்மீதே வளர்ந்துவிடும் பற்றை என்ன செய்வது? நூல்களைவிட ஒரு சண்டைக் கலைஞனின் உடலில் இந்தக் கேள்வி தெளிவாகத் தெரிகிறது என்பதால், திரைப்பட நடிகர் புரூஸ் லீயின் வாழ்க்கை இங்கே ஆராயத் தக்கதாகிறது.

1940இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லீ, பதின்ம வயதில் இப் மான் என்னும் ஆசானிடம் விங் சுன் என்ற தென்சீனச் சண்டைமுறையைக் கற்றார். மூன்று கைகளும் ஒரு காலும் பொருத்திய மரத்தூணை எதிராளியாகக் கொண்டு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், இருவர் முன்கைகளை ஒட்டவைத்துக்கொண்டு அடுத்தவரின் விசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தோலாலேயே உணர்வதும் அந்த முறையின் உயிர்நாடி. 1959இல் அமெரிக்கா சென்ற அவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நாடகத்தோடு தத்துவமும் படித்தார். 1964இல் ஓக்லாண்டில் வோங் ஜாக் மான் என்பவரோடு நடந்த மோதலில் தாம் எதிர்பார்த்ததைவிட நேரம் இழுத்துப்போய் மூச்சு வாங்கியதைக் கண்டு, கற்ற முறையையே ஐயுறத் தொடங்கினார். மேலைக் குத்துச்சண்டையிலிருந்தும் வாள்வீச்சிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, எதிராளியின் அடி வந்து சேருமுன் குறுக்கிட்டுத் தாக்கும் தம் வழிக்கு 1967இல் ஜீத் குன் டோ என்று பெயரிட்டார்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் காஞ்சிபுரத்துப் போதிதருமரைத் தேடுவது இயல்பு. ஆனால் ஷாவோலின் சண்டைக்கலையை அவரோடு இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றின் வழியே பரவியது என்பதால், அதன்மீது அதிக பாரம் ஏற்ற முடியாது. உறுதியான தொடர்பு சென்னையிலேயே, அடையாறு கடற்கரையில் இருக்கிறது. 1909இல் அங்கே பிரம்மஞான சபையாரின் கண்ணில் பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்மைத் தலைவராக வைத்து எழுப்பப்பட்ட அமைப்பை 1929இல் தாமே கலைத்தார்; உண்மையை அடைய வகுத்த பாதை எதுவும் கிடையாது, குருவும் முறையும் அச்சத்திலிருந்து பிறப்பவை என்பது அவர் நிலைப்பாடு. 1970இல் முதுகெலும்பு அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த லீ, அவருடைய நூல்களை ஊன்றிப் படித்தார். அதே ஆண்டில் தம் பயிற்சிப் பள்ளிகளையும் மூடினார். மறு ஆண்டு எழுதிய கட்டுரையில், பாணி என்பது மனிதர்களைப் பிரிக்கும் சுவர் என்று கிருஷ்ணமூர்த்தியின் சாயல் தெரியும்படியே வாதிட்டார்.

எனினும் இருவரும் ஒன்றையே சொன்னார்கள் எனக் கொள்வது தவறு. கிருஷ்ணமூர்த்தியின் பார்வையில் முறை தொடக்கத்திலிருந்தே தடை. அதில் ஏறிப் பின் இறங்குவதற்கு எதுவுமில்லை. லீயோ முறையை மறுத்தபடியே நாள்தோறும் எத்தனை குத்து, எத்தனை உதை என்று குறிப்பேட்டில் பதிந்துவந்தார். இதை முரண்பாடு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கிருஷ்ணமூர்த்தியும் யோக ஆசிரியர் தேசிகாச்சாரிடம் முறையாக ஆசனம் கற்று நாள் தவறாமல் செய்தவரே. உடலுக்குப் பயிற்சி வேண்டும், உள்ளத்துக்கு வேண்டா என்று அவர் கோடு கிழித்தார். சண்டைக்காரனுக்கு அந்தக் கோடு உதவாது, ஏனெனில் அடி வரும் கணத்தில் அவனுடைய உடலே முடிவெடுக்கிறது. லீயின் நிலை கிருஷ்ணமூர்த்தியைவிடப் பதஞ்சலிக்கே நெருக்கமானது என்பதற்கு இதுவே காரணம்.

பழகுவதா, உதறுவதா என்னும் இந்தச் சிக்கல் வட சென்னையின் திருவொற்றியூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. காலடிப்பேட்டையை அடுத்த கடலோரத்தில் சமாதி கொண்டவராகப் போற்றப்படும் பட்டினத்தார், காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து துறந்தவர் என்றே மரபு சொல்கிறது. விடுவதற்குக் கைநிறைய இருந்ததால்தான் அவர் துறவுக்கு எடை கூடியது. சிலம்பத்திலும் அப்படித்தான்: கம்பு கைக்கு வருமுன் மாணவன் காலடி வரிசையைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பழகுகிறான், காலை நினைக்காமல் நிற்க வந்தபிறகே வீச்சு அவனுடையதாகிறது. வட சென்னைக் குத்துச்சண்டையோ இதற்கு ஒரு படி மேலே போய், கலையை ஆளோடும் பெயரோடும் கட்டியது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரிந்து, இன்ன வாத்தியாரின் பிள்ளை என்ற அடையாளத்தோடே மேடையேறிய அந்த உலகத்தை 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரையில் காட்டியது. லீயின் கண்ணுக்கு இது கூண்டாகப் பட்டிருக்கும். ஆனால் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைத்த மக்களுக்குப் பரம்பரை என்பது மானத்தையும் உறவையும் கொடுத்த இடம். பாணியை உதறும் உரிமை, உதறிய பின்னும் தன் பெயர் நிற்கும் என்ற உறுதி உள்ளவனுக்கே எளிதாக வாய்க்கிறது. கிருஷ்ணமூர்த்தியின் வாதம் இந்தச் சமூக நிலையைக் கணக்கில் கொள்ளவில்லை.

1973 ஜூலை 20 அன்று லீ 32 வயதில் இறந்தார். பாணி வேண்டா என்றவரின் கலையைப் பின்வந்தோர் இரு அணிகளாகப் பிரிந்து உரிமை கோரினர்: அவர் கற்பித்ததை அப்படியே காக்க வேண்டும் என்றது ஒன்று, அவரைப் போலவே எங்கிருந்தும் எடுத்துக்கொண்டு மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது மற்றொன்று. இரு தரப்பும் தமக்குச் சான்றாகக் காட்டுவது லீயிடம் நேராகக் கற்றவர்களின் வரிசையைத்தான்.