விற்றவர் யார்?

பங்குத்தந்தைக்குப் பங்குச்சந்தையில் என்ன வேலை என்று வாசகர் நகைக்கலாம். சொல் ஒன்றாயினும் உலகம் வேறு என்றே நானும் எண்ணியிருந்தேன். 2021 மே மாத இறுதியில் அவ்வெண்ணம் கலைந்தது. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், நாள்தோறும் பதிவான புதிய நோயாளர் எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சி நின்ற நாள்கள் அவை. மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்ஸ் குறியீடோ 50,000 புள்ளிகளுக்கு மேல் நின்றது.

லேத் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அப்போது தொலைபேசியில் அழைத்தார். "சாமி, பட்டறை மூடிக் கெடக்குதுங்க. அண்ணன் ஆக்சிஜன்ல இருக்காரு. ஆனா, போன வருசம் மார்ச்சுல நான் வாங்குன பங்கெல்லாம் ரெண்டு மடங்காயிருச்சு. இது பாவமுங்களா?"

அவர் வாங்கிய காலத்தை நினைவுகூர வேண்டும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 10 விழுக்காடு சரிந்ததும் வணிகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பின்னரும் வீழ்ச்சி நிற்கவில்லை. ஒரே நாளில் 3,934 புள்ளிகள் கரைந்து 25,981-இல் முடிந்தது. அதன்பின் ஏறத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடு கூறிற்று. அந்த மாதங்களிலும் சந்தை ஏறியது.

இதைக் கல்நெஞ்சம் என்று ஏசுவது எளிது; முறையாகாது. சந்தை கணிப்பது நாளைய இலாபத்தை. வட்டி குறையவே, வேறு போக்கிடம் காணாத பணமும் அங்கே குவிந்தது. மேலும், சென்செக்ஸில் உள்ளவை 30 பெருநிறுவனங்கள் மட்டுமே. திருப்பூரிலிருந்து சிறப்பு இரயில்களில் ஊர் திரும்பிய வடமாநிலத் தொழிலாளரின் கூலிக்கோ, நம் அன்பரின் பட்டறைக்கோ அக்கணக்கில் இடமில்லை.

குருமடத்தில் கற்ற பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பஞ்சமுற்ற ஊருக்குக் கோதுமை கொண்டுவரும் வணிகன், பின்னால் இன்னும் பலர் சரக்குடன் வருவதை அறிவான். அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்கலாமா? விற்பது நீதிக்கு முரணாகாது. சொல்லிவிட்டாலோ விலையைக் குறைத்தாலோ அது மேலான அறம் என்பது புனித தோமா அக்குவினாரின் முடிவு. இதனை எடுத்துரைத்து, வாங்கியதில் பாவமில்லை என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "அன்னைக்கு எனக்கு வித்தவரு யாருங்க சாமி? பயந்து வித்தாரோ, வீட்டுச் செலவுக்கு இல்லாம வித்தாரோ?" என்றார்.

தோமாவின் வணிகன் வாங்குவோரின் முகத்தைப் பார்த்தவன். மனம் இரங்கினால் விலையைக் குறைத்திருப்பான். கணினித் திரையில் வாங்கியவருக்கு, விற்றவரை அறிய வழியே இல்லை. என்னிடமும் பதில் இல்லாமையால், அவருடைய அண்ணனின் உடல்நிலையை மீண்டும் விசாரித்தேன்.