மாக்கோழியும் பிறந்தநாள் கேக்கும்

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் இல்லங்களில் இன்று ஒரு வினா எழுந்துள்ளது. உயிரில்லாத ஓர் உருவத்தை வெட்டி உண்பது குற்றமாகுமா? வினா பழையது, அதனை மீண்டும் எழுப்பியுள்ள பொருளே புதியது. பிறந்தநாளுக்கும் திருமணத்திற்கும் மெய்யான நாய்க்குட்டி போலவும், முயல் போலவும், ஆளுயரப் பொம்மை போலவும் செய்து வைக்கப்படும் பெரிய கேக்குகளே அப்பொருள்.

இக்கலை வியக்கத்தக்க அளவு வளர்ந்துள்ளது. துருக்கி நாட்டுக் கலைஞர் தூபா கெச்கில் செய்த கேக்குகளின் படக்காட்சி 2020-ஆம் ஆண்டு ஜூலையில் உலகெங்கும் பரவியது. காலணி என்று எண்ணியதைக் கத்தி பிளந்தபோதுதான் அது கேக் என்று கண்டவர் உணர்ந்தனர். 2022-இல் 'இது கேக்கா?' என்னும் பொருள்படும் பெயரில் அமெரிக்காவில் ஒரு போட்டி நிகழ்ச்சியே தொடங்கப்பெற்றது.

செய்முறையை அறிந்தால் உழைப்பின் அருமை விளங்கும். பலகையின் மேல் குழாய்களையோ மரக்குச்சிகளையோ நிறுத்தி, கேக் அடுக்குகளை அவற்றில் கோத்து, சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல் கத்தியால் செதுக்குகின்றனர். வெண்ணெய்க் குழம்பையோ சாக்லேட் குழம்பையோ பூசி, அதன்மேல் சர்க்கரை மாவைத் தகடாகத் தேய்த்துத் தோல்போல் போர்த்துகின்றனர். பின்னர்த் தூரிகையால் மயிரும் மடிப்பும் கண்ணின் ஒளியும் தீட்டுகின்றனர். இத்திறமையை நாம் இகழவில்லை. கலை வேறு, அக்கலைக்கு நாம் தேர்ந்தெடுக்கும் உருவம் வேறு.

முதலில் பொருளைப் பார்ப்போம். கேக்கில் முட்டை சேர்வதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் மேற்போர்வையில் சேரும் ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கார்மைன் என்னும் சிவப்பு நிறம் கொச்சினீல் பூச்சிகளை உலர்த்தி எடுப்பது. ஆகவே 'முட்டையில்லாதது' என்ற ஒரு சொல்லால் நாம் அமைதி கொள்ளலாகாது. ஜெலட்டினுக்கு மாற்றாகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் உண்டு. நிறத்திற்குப் பீட்ரூட்டும் மஞ்சளும் கீரையும் சில இல்லங்களில் பயன்படுகின்றன. கேட்டுத் தெளிதல் நம் கடன். விளக்கேற்றியபின் கேக் வெட்டும் வழக்கம் இரவுண்ணாமைக்கு மாறானது என்பதையும் நினைவிற்கொள்வோமாக.

பொருள் தூயதாயினும் உருவத்தைப் பற்றிய வினா எஞ்சி நிற்கிறது. இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியம் நம்மிடம் உள்ளது. உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டிப் பலியிட்டான். வெட்டுண்டபோது அது உயிர்க்கோழி போலவே கூவிற்று என்கிறது காவியம். அவ்வினையால் மகனும் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, மீன், முதலை, ஆடு எனப் பல பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாகவும் பிறந்தனர்.

'யசோதரன் பலியிடும் எண்ணத்தோடு வெட்டினான், நம் குழந்தை மகிழ்ச்சிக்காக வெட்டுகிறது, இரண்டும் ஒன்றாகுமா?' என்று இளைஞர் கேட்கின்றனர். நேர்மையான வினா. இரண்டும் ஒன்றல்ல என்பதே நம் விடை. நம் அறநூல்கள் உயிரை வதைக்கும் திரவிய இம்சையையும், உள்ளத்தில் எழும் பாவ இம்சையையும் பிரித்தே காட்டுகின்றன. கொல்லும் சங்கற்பம் இல்லாத குழந்தையின்மேல் யசோதரனின் வினையைச் சுமத்துவது நீதியாகாது.

எனினும் உருவத்திற்கு ஆற்றலே இல்லை என்று கூற நம்மால் இயலுமா? கல்லில் வடித்த திருவுருவத்தை அருகனாகவே கருதி வணங்குகிறோம். இதனை ஸ்தாபனா நிக்ஷேபம் என்பர் ஆன்றோர். கல்லுருவம் உள்ளத்தில் பக்தியை எழுப்புமாயின், மாவுருவமும் உள்ளத்தில் ஏதோ ஒன்றை எழுப்பத்தானே செய்யும்? 'இது மெய்யான முயல்' என்று காண்பவரை நம்பச் செய்வதே இக்கலையின் நோக்கம். அந்த நம்பிக்கை முற்றும் எழுந்த கணத்தில் அதன் கழுத்தில் கத்தியை வைக்கிறோம். சூழ நிற்பவர் கைதட்டுகின்றனர்.

அக்கூட்டத்தில் சில வேளை ஒரு சிறு குழந்தை அழுவதுண்டு. 'முயலை வெட்டாதே' என்று அது கெஞ்சும். நாம் சிரித்து, 'அசடே, இது வெறும் கேக்' என்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று, குழந்தை சொல்லால் கற்பதைவிடக் கையால் கற்பது ஆழப் பதியும் என்பது. அன்று அழுத குழந்தை, இரக்கப்படுதல் நகைப்பிற்குரியது என்று கற்றுக்கொள்கிறது. கத்தி பிடித்த குழந்தை, உயிருருவின் கழுத்தை அறுப்பது கைதட்டலுக்குரியது என்று கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் அகிம்சையை வாயால் கற்பித்துவிட்டு, ஆண்டுக்கொருமுறை கையால் அதனை அழிப்பதா? அந்த அழுகை அறியாமையன்று; நாம் வளர்க்க விரும்பும் அறத்தின் முளை.

மகிழ்ச்சியை மறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. உருவத்தை மாற்றினால் போதும். புனே நகரக் கலைஞர் பிராச்சி தபல் தேவ், முட்டை சேர்க்காத சர்க்கரைப் பூச்சால் மிலான் பேராலயத்தைத் தழுவி 100 கிலோ எடையுள்ள கட்டடம் ஒன்றை அமைத்து 2022-இல் சாதனைப் பதிவு பெற்றார். உயிருருவம் இன்றியும் முட்டை இன்றியும் இக்கலை உச்சம் தொடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் குழந்தைகளுக்குப் புத்தகம், கப்பல், புகைவண்டி, பூக்கூடை என்று எத்தனையோ வடிவங்கள் உள்ளன. நாய்க்குட்டியை விரும்பும் குழந்தைக்கு அதன் உருவை மரப்பொம்மையாகப் பரிசளிக்கலாம். அது வெட்டுவதற்கன்று, அணைத்துக் கொள்வதற்கு.

ஒன்று கூறுவோம். உறவினர் இல்லத்தில் இத்தகைய கேக் வைக்கப்பட்டிருப்பின், பலர்முன் கடிந்து பேசி அவர் உள்ளத்தைப் புண்படுத்துதலும் இம்சையே. அமைதியாக விலகியிருந்து, பின்னொரு நாள் அன்போடு எடுத்துரைப்பதே நன்று.

யசோதர காவியத்தை இல்லந்தோறும் சிறுவர்க்குச் சொல்லுங்கள். மாக்கோழி கூவிய இடத்தில் சற்றே நிறுத்துங்கள். அக்கூவல் அவர்கள் செவியில் என்றும் ஒலித்துக்கொண்டிருக்கட்டும்.

வாழ்க அறநெறி! வளர்க உயிரிரக்கம்!