பெருமை யாருடையது?

தம் பிள்ளையின் நற்செயல் கண்டு பெற்றோர் பெருமிதம் அடைவது இயல்பு. இயல்பெனத் தோன்றும் உணர்ச்சிகளை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதனை இயல்பென்று கொள்கின்றதோ, அதனுள்ளேதான் அச்சமுதாயத்தின் ஒழுக்கநெறி தங்கியிருக்கின்றது. "என் பிள்ளை" என்று ஒரு தாய் தலைநிமிர்ந்து சொல்லும்பொழுது அவள் எதனை முன்வைக்கின்றாள்? தனது உரிமையையா, அன்றி அப்பிள்ளை செய்த செயலையா? இவ்வினாவை எம்முள் எழுப்பியவர் தத்துவம் பயின்ற அறிஞர் எவருமல்லர். கிழக்குக் கரையிலே இடியப்பம் அவித்து விற்று வாழும் ஒரு முதிய தாய்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆழிப்பேரலையின் இருபதாவது நினைவு தினத்தை அனுட்டிப்பதற்கு அம்பாறை மாவட்டக் கரையோரக் கிராமமொன்றில் ஒழுங்குகள் நடைபெற்றன. அனர்த்த வேளையிற் பிறரைக் காப்பாற்றியோரை மேடையிற் கௌரவிப்பதென விழாக்குழு தீர்மானித்தது. அவர்களுள் ஒருவர், அன்று இருபத்திரண்டு வயதினராய், மேசன்மாருக்குக் கையாளாக வேலை செய்தவர். இன்று வளைகுடா நாடொன்றிற் கட்டடத் தொழிலாளி. அவர் வர இயலாமையால், அவருடைய தாயை அழைத்துப் பொன்னாடை போர்த்துவது குழுவின் எண்ணம். அக்குழுவிலே நாமும் இருந்தோம். அழைப்பைக் கொண்டு சென்றவர்களும் நாமே. தாய் மறுத்துவிட்டார்.

அந்நாளைப் பற்றிச் சிலவற்றை இளைய வாசகர்க்கு நினைவூட்டுதல் தகும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராத் தீவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னர் எமது கிழக்குக் கரையிற் கடல் ஏறிற்று. இத்தீவில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறையே. அங்கு பின்னர் நடத்தப்பட்ட ஆய்வு, ஆண்களிலும் பார்க்கப் பெண்களும் சிறுவர்களுமே அதிகமாக இறந்தனர் என்று காட்டிற்று. நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைக்கு மட்டுமே இடமளித்து, கைக்குழந்தையைப் பெண்ணின் இடுப்பில் ஏற்றிவைத்த வழக்கத்துக்கு இதிற் பங்கில்லை என்று எவராற் கூற முடியும்?

நாம் அப்பொழுது பாடசாலை மாணவர். முதலலை பின்வாங்கியதும் ஊர் முழுவதும் மேற்கே வயல்வெளியை நோக்கி ஓடியதை அறிவோம். அந்த இளைஞரும் தாயுடன் ஓடியவரே. ஆனால், பாதி வழியில் அவர் திரும்பினார். கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் கயிறு அவரிடம் இருந்தது. அதன் ஒரு தலைப்பைத் தென்னையிற் கட்டி, மறு தலைப்பைத் தம் இடுப்பிற் சுற்றிக்கொண்டு நீரில் இறங்கினார். ஐவரை இழுத்தெடுத்தார். ஆறாவது ஒரு பெண்குழந்தை. அதன் கை அவர் கைக்குள் வந்தது. அடுத்த அலையில் நழுவிவிட்டது.

தாய் மறுத்ததற்குக் காரணம் அக்குழந்தை. அவர் எம்மிடம் கூறிய சொற்களை அவ்வாறே தருகின்றோம்.

"பொன்னாடைய எனக்குப் போர்த்தா, அந்தப் புள்ளட தாய்க்கு எதப் போர்த்துவீங்க சேர்? அவவும் இந்தத் தெருவிலதான் இரிக்கா."

"அப்படியெண்டா உங்களுக்குப் பெருமை இல்லையா அம்மா?" என்று வினவினோம்.

"இல்லாமலா? சனம் வந்து சொன்னாப் பிறகு வந்த. அண்டைக்கு வரல்ல. அண்டைக்கு அவன் திரும்பி வந்த உடனே கன்னத்தில அடிச்ச நான்."

தாயின் பெருமை பற்றி எமது இலக்கியம் நிறையப் பேசியுள்ளது. புறநானூற்றிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், தன் மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்டுச் சினந்து, வாளுடன் களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகின்றாள். சிதைந்து கிடக்கும் அவனுடலைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளிலும் பார்க்க மகிழ்கின்றாள். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் இதே அளவுகோல் வருகின்றது. மகன் சான்றோன் எனக் கேட்கும் தாயின் உவகை, ஈன்றபோது அடைந்த உவகையிலும் பெரிதென்கின்றார் வள்ளுவர். அளவுகோல் ஒன்றே, அளக்கப்படும் பொருள்தான் வேறு. முன்னதில் அது அரசனது போரிற் பட்ட புண். பின்னதில் மனிதனது சால்பு.

இவ்வேறுபாடு சிறிதன்று. வீரயுகத்துத் தாயின் பெருமையால் பயன் பெற்றவன் யார் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். மகனை இழந்தவள் தாய். வெற்றியைப் பெற்றவன் வேந்தன். துயரம் பெருமையாக மாற்றப்படும்பொழுது அடுத்த மகனையும் களத்துக்கு அனுப்புவது எளிதாகின்றது. இது பழங்கதை மட்டுமன்று. 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நீடித்த யுத்தத்திலே, எல்லாத் தரப்பினரும் தாய்மாரின் பெருமையைத் தத்தம் மேடைகளுக்கு அழைத்ததை நாம் கண்டோம். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்த தாய்மாரை மறந்துவிட்டோமா? மேடை என்றதும் எமது கிராமத்துத் தாய் பின்வாங்கியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

வள்ளுவர் அத்தாயைக் "கேட்ட" தாய் என்றதற்குப் பரிமேலழகர் கூறும் விளக்கம் தமிழ் மாணவர் அறிந்ததே. பெண் தன் இயல்பினாலே தானாக அறிய மாட்டாள். ஆதலாற் பிறர் சொல்லக் கேட்டறிந்தாள் என்பது அவர் கருத்து. உரைவன்மையில் அவருக்கு நிகரானோர் அரியர். ஆயினும் இவ்விடத்தில் அவர் தம் காலத்துச் சமுதாயத்தின் குரலாகவே பேசுகின்றார். பல்கலைக்கழகத்தில் இவ்வுரையைப் படித்தபொழுது நாம் சினந்தோமேயன்றி, அதற்கு மாற்றாக ஓர் உரை எமக்குத் தோன்றவில்லை. இடியப்பத் தட்டைக் கழுவியவாறு அத்தாய் சொன்ன ஒரு வாக்கியத்திலே அம்மாற்றுரை இருந்தது. "சனம் வந்து சொன்னாப் பிறகு வந்த." பிள்ளையின் சால்புக்கு வீட்டார் சாட்சியாக முடியாது. அச்சால்பினாற் பயன்பெற்றோரும், அது நிகழக் கண்டோருமே சாட்சியர். தாய் காத்திருந்து கேட்பது அறியாமையினாலன்று; அத்தீர்ப்பை வழங்கும் உரிமை தனக்கில்லை என்னும் நேர்மையினாலாகும்.

இந்நேர்மையை எமது நடுத்தர வர்க்கத்தின் பெற்றோர் பெருமையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வந்ததும் வீதியோரத்திற் பதாகை ஏறுகின்றது. பிள்ளை வைத்தியனாகின்றான், பொறியியலாளனாகின்றான், உடனே சீதனத்தின் தொகை உயர்கின்றது. இங்கே பெருமை என்பது சொத்தின் மறுபெயர். தோட்டத்துத் தென்னை நன்றாகக் காய்த்தது என்பதற்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடில்லை. அச்சொத்துக் கணக்கிலே எமது இளைஞருக்கு எந்த இடமும் இருந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடையாதவர். "உதவாக்கரை" என்று ஆசிரியர் வாயாலேயே பெயர் பெற்றவர். எம் போன்ற ஆசிரியர்களுக்கு இது வெட்கம் தரும் செய்தி. மனிதரை அளப்பதற்கு நாம் வைத்திருந்த கோலால் அவரை அளக்க முடியவில்லை. இன்று அவரை "எமது மண்ணின் மைந்தன்" என்று அழைக்க விழைந்த கிராமமும் நாமும், அன்று அத்தாயின் பெருமைக்கு என்ன பங்களித்தோம்?

ஓர் ஏழைத் தாய்க்குக் கிடைத்த சிறு மகிழ்ச்சியையும் தத்துவம் பேசிக் கெடுக்க வேண்டுமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். அவருடைய மகிழ்ச்சியை எவரும் கெடுக்கவில்லை. மகிழ்ச்சியை அவர் வைத்துக்கொண்டார். மற்றொரு தாயின் வாசலைத் தாண்டி அதனை ஊர்வலமாக எடுத்துச் செல்லவே மறுத்தார்.

அவர் சொன்ன மற்றைச் செய்தி இன்னும் சிக்கலானது. திரும்பிவந்த மகனை அவர் அடித்தார். அவ்வடியில் இருந்தது என்ன? தாயின் அன்பு அவ்வேளையில் மகனின் அறத்துக்கு எதிராக நின்றது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அவர் மகனின் கையைப் பிடித்திருந்தால் ஐந்து உயிர்கள் போயிருக்கும். அவ்வாறு பிடித்துக்கொண்ட தாய்மாரும் அக்கிராமத்தில் இருந்தனர். அவர்களைத் தன்னலக்காரர் என்று கூற யாருக்கு உரிமை உண்டு? தன் உயிரைப் பணயம் வைத்துப் பிறர் உயிரைக் காப்பதைச் சமுதாயம் போற்றலாம். எவரிடமிருந்தும் அதனைக் கடனாகக் கேட்டு வாங்க முடியாது. தாயிடம், "உன் மகனைத் தா" என்று கேட்கும் உரிமை அதனிலும் குறைவு.

சமுதாயத்துக்கு இங்கே வேறொரு கடமை உண்டு. இத்தகைய தியாகம் தேவைப்படாத நிலையை உண்டாக்குதலே அது. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக் சமுத்திர நாடுகளுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்துவந்தது. இந்து சமுத்திரத்தின் கரைகளில் வாழ்ந்த ஏழை மீனவருக்கு அவ்வாறான ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. பேரழிவின் பின்னரே அதற்கான வேலை தொடங்கி, 2011இலே செயற்படலாயிற்று. அன்று ஒரு வானொலி அறிவித்தலும், கோயில் மணியும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஆயிரக்கணக்கானோரை வயல்வெளிக்கு அனுப்பியிருக்கும். ஒரு கயிற்றுடன் ஓர் இளைஞர் கடலில் இறங்க நேர்ந்தது, பல நாடுகளின் அரசுகள் செய்யாது விட்டதன் விளைவு. வீரனைப் புகழ்ந்துவிட்டு இக்குறையை மறந்துவிடுவோமாயின், எமது புகழ்ச்சியும் அக்குறைக்குப் போர்த்திய பொன்னாடையேயாகும்.

அவர் இழுத்தெடுத்த ஐவருள் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். அன்று மாலையே உள்நாட்டுச் சிங்களக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்தன. கயிற்றுக்கு இனம் தெரியவில்லை. பசித்தவனுக்குச் சோற்றின் மொழி தெரியவில்லை. ஆனால், நிவாரணத்தைப் பகிர்வதற்கென 2005 ஜூன் மாதத்திற் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பு, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளாகிப் பின்னர் செயலற்றுப் போயிற்று. சாதாரண மக்கள் சில நாட்கள் வாழ்ந்துகாட்டியதை அரசியல் ஓராண்டுகூடத் தாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கௌரவிக்கப்பட வேண்டியோர் என நாம் தயாரித்த பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருக்கவில்லை. அந்த இளைஞரின் தங்கை, அகதிமுகாமாக மாறிய பாடசாலையில், தாயற்ற குழந்தைகளை மாதக்கணக்கில் வைத்துப் பராமரித்தவர். அதனை நாம் நினைவூட்டியபொழுது, "அது பொம்பிளைப் புள்ளைகள் செய்யிறதுதானே" என்றார் குழுவினர் ஒருவர். மகன் ஒரு மணி நேரம் செய்தது பெருமை. மகள் மூன்று மாதம் செய்தது கடமை! பெற்றோர் பெருமை என்று நாம் இதுவரை பேசியதிற் பாதி, ஆண்பிள்ளை பெற்ற பெருமையே என்பதை இதிலிருந்து உணர்ந்தோம்.

குழு மீண்டும் கூடிற்று. நீண்ட வாதத்தின் பின் பொன்னாடைகள் கைவிடப்பட்டன. இறந்தோரின் பெயர்களை வாசிப்பது, கரையோரப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும், பெண்பிள்ளைகள் உட்பட, நீச்சல் பழக்க வேண்டுமென்று விண்ணப்பம் எழுதுவது என முடிவாயிற்று. அம்முடிவை அறிவிப்பதற்கு, குழந்தையை இழந்த தாயின் வீட்டுக்கும் சென்றோம். அவரிடம் கேட்கக் கூடாததை நாம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "என்ட புள்ள தனியப் போகல்ல சேர். அந்தப் பொடியன் கையப் புடிச்சிருந்தவன்."

திரும்பும் வழியில் இடியப்பக்காரத் தாயிடம் இதனைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மகன் காப்பாற்றிய ஐவரின் நன்றியும் அவருக்குத் தராத ஒன்றை, அவனாற் காப்பாற்ற முடியாத ஒருத்தியின் தாய் தந்திருந்தாள். மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயை அன்றுதான் நாம் நேரிற் கண்டோம்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை மக்கட்பேறு அதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்கும்பொழுது, மாணவரிடம் ஒரு வினாவைக் கேளுங்கள்: "உன்னைப் பற்றி உன் தாய்க்கு யார் வந்து சொல்ல வேண்டும் என்று விரும்புகின்றாய்?" பரீட்சைத் திணைக்களம் என்று பதில் வருமாயின், நாம் கற்பித்தது போதாது.