விதைநெல்லை உண்ணலாமா?

உண்பதற்கென விளைந்த நெல்லும் விதைத்தற்கென வைத்த நெல்லும் உருவத்தால் ஒன்றே. இரண்டும் ஒரே களத்தில் அடிக்கப்பெற்று ஒரே வெயிலில் உலர்ந்தவை. ஆயினும் முன்னதை உண்டவன் பசியாறினான் எனவும், பின்னதை உண்டவன் குடிகெட்டான் எனவும் உலகம் கூறும். இவ்வேற்றுமை நெல்லின்கண் உள்ளதன்று. அதனைக் கையாளும் மாந்தர்தம் கடமைக்கண் உள்ளது. அக்கடமை யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைப் பயிற்றுங்கால், கூரிய மாணவன் ஒருவன் ஐயமொன்று கேட்டல் கூடும். மழை பொழியும் இரவில் வந்த அடியார்க்கு அமுதளிக்க மனையில் ஒன்றும் இன்மையால், அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வயலிற் சென்று வாரிக் கொணர்ந்தார் நாயனார். அம்மையார் அதனை வறுத்துக் குற்றி அடிசிலாக்கினார். இதனைச் சைவவுலகம் பெரும்புண்ணியமாகப் போற்றுகின்றது. "விதையை அழித்தல் புண்ணியமாமோ?" என்பதே மாணவன் ஐயம்.

இதற்கு நேர்மாறான செயலொன்று உருசிய நாட்டில் நிகழ்ந்தது. நிக்கலாய் வவிலோவ் என்னும் அறிஞர் ஐந்து கண்டங்களினும் சென்று திரட்டிய விதைகள் லெனின்கிராட் நகரத்து நிலையமொன்றில் வைக்கப்பட்டிருந்தன. 1941 முதல் 1944 வரை பகைவர் அந்நகரை முற்றுகையிட்டபோது மக்கள் பல இலக்கம் பேர் பட்டினியால் மடிந்தனர். அவ்விதைகளைக் காத்துநின்ற அறிஞருட் சிலரும் நெல்லும் கோதுமையும் நிறைந்த அறைகளின் நடுவே பசியால் உயிர் நீத்தனர். ஒருபிடியும் எடுத்து உண்டாரல்லர். வவிலோவ் தாமும் அரசின் சிறையில் அடைபட்டு 1943இல் மாண்டார்.

ஒருவர் விதையை அகழ்ந்து ஊட்டினார். மற்றையோர் விதையைத் தொடாது மாய்ந்தனர். இரண்டும் எங்ஙனம் அறமாதல் கூடும் எனின், கூறுதும். நாயனார் ஈந்தது தமக்கு உரிய பொருள். அதனால் வரும் வறுமை அவரையே சாரும். விதை ஊரெங்கும் மனைதோறும் பேணப்பட்ட காலமாதலின், ஒருவர் இழந்ததனை அயலார்பால் மீட்டும் பெறுதல் எளிது. லெனின்கிராட் அறிஞர் கையிலிருந்ததோ தம்முடையதன்று. இறந்தோர் ஈட்டிப் பிறவாதோர்க்கு வைத்த அடைக்கலப் பொருள். தன்னுடையதை ஈதல் கொடை. அடைக்கலத்தை உண்ணுதல் களவு. ஆதலின் விதை எவ்வளவு அரிதாயிற்றோ, அவ்வளவு அது தனியொருவன் உடைமையாதல் குறைந்து அடைக்கலமாதல் மிகும் என்றறிக.

"ஓர் இனம் அழிந்தால் வேறினம் இல்லையோ? அதனால் வருங் கேடு யாது?" என்பாரை நோக்கிக் கண்டி மலைகளையே சான்றாகக் காட்டுவோம். நம் மலையகத் தமிழ்மக்களின் முன்னோர் முதற்கண் கால்நடையாய் வந்து உழைத்தது தேயிலைக்கன்று, கோப்பிக்கே. காடழித்து மலைமேல் மலையாக ஒரே வகைக் கோப்பியை நட்டனர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் இத்தீவிற் கண்டறியப்பட்டது. தடுப்பாரின்றித் தோட்டந்தோட்டமாகப் பரவி, ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள் அப்பெருந்தொழிலை அது வீழ்த்திற்று. ஒன்று நோயுற்றபோது அனைத்தும் நோயுற்றன. எதிர்த்து நிற்கும் வேறினம் அருகில் இல்லை.

பல்வகை பேணியதனால் வந்த நன்மைக்கும் இந்நாட்டிற் சான்றுண்டு. இரத்து ஹீனட்டி என்பது இலங்கை உழவர் வழிவழி விளைவித்த செந்நெல். நெற்பயிரை எரித்தாற்போல் வாட்டும் கபிலநிறத் தத்தி என்னும் பூச்சியை எதிர்க்கும் இயல்பு அதன்கண் உண்டெனக் கண்டு, பிறநாட்டு அறிஞரும் அதனைப் புதிய நெல்லினங்கள் ஆக்குதற்குத் துணைக்கொண்டனர். அதனை முன்னாளிற் பேணிய உழவர் இப்பயனை அறியார். பயன் அறியாதபோதும் காத்தலே அடைக்கலம் காத்தலாம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்கீழ் ஓடும் மகாவலி, கன்னொறுவையைக் கடந்தே வருகின்றது. அக்கன்னொறுவையில் 1988ஆம் ஆண்டில் யப்பான் நாட்டு உதவியுடன் நிறுவப்பெற்ற தாவர மரபுவள நிலையம் உள்ளது. விதைகளை உலர்த்திக் குளிரறைகளில் அது காத்து வருகின்றது. "அரசு காக்கும்பொழுது நாம் ஏன் காத்தல் வேண்டும்?" எனின், குளிரறை எல்லாவற்றையும் காக்கவல்லதன்று. பலாக்கொட்டையும் சாதிக்காய் விதையும் உலர்த்திக் குளிர்வித்தால் உயிரிழக்கும். கண்டி வீட்டுத்தோட்டங்களில் நிற்கும் இவை போன்ற மரங்களின் வகைகள் மண்ணில் நின்றே வாழ்தற்குரியன. நெல்லும் பயறுங்கூட, உறையுள் உறங்குங்கால் காலநிலையின் மாற்றத்திற்கு இசைந்து மாறக் கல்லா. வயலே அவற்றிற்குப் பள்ளி.

ஏழை உழவனை நோக்கி, "விளைவு குறையினும் பழைய விதையையே விதைப்பாயாக" என்று கூறுதல் அறமோ? அன்று. ஊர்க்கெல்லாம் பயன்படும் பொருளின் சுமையை ஒருவன் தலைமேல் ஏற்றுதல் முறையன்று. ஆணையினாலும் இது நிறைவேறாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. பெருவயல்களில் நின்றனவோ உரத்திற்கு ஏற்ப ஆக்கப்பெற்ற புதிய நெல்லினங்கள். தழையுரமும் எருவும் போதிய அளவு ஆயத்தமாகவில்லை. விளைவு குன்றி உழவர் வருந்த, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே தடை நீக்கப்பட்டது. இயற்கை வேளாண்மை தீதென்பது இதனாற் பெறப்படாது. விதையும் மண்ணும் அறிவும் முன்னரே பக்குவப்படாதவிடத்து நல்லெண்ணமும் துன்பம் விளைக்கும் என்பதே பெறப்படும்.

சுமையைப் பகிர்ந்து தாங்கும் வழியைச் சோழநாட்டு உழவர் ஒருவர் காட்டிச் சென்றார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடாத்தியவர் நெல் ஜெயராமன். வருவோர்க்கு 2 கிலோ விதைநெல் விலையின்றி அளித்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருமாறு கேட்பதே அவர் வகுத்த முறை. இங்ஙனம் 174 பாரம்பரிய நெல்லினங்களை மீட்டெடுத்து 2018இல் மறைந்தார். இம்முறையில் விதை விலைப்பொருளுமன்று, இரவலுமன்று. கைமாறக் கைமாறப் பெருகும் அடைக்கலமாகும்.

ஆசிரியப் பெருந்தகையீர்! திருக்கோயில் விழாத் தொடக்கத்திற் பாலிகைகளில் நவதானியம் முளைப்பித்தலைப் பிள்ளைகள் கண்டிருப்பர். அதனையே தொடக்கமாகக் கொண்டு, அவரவர் மனைத்தோட்டத்துப் பயறு, கீரை, கத்தரி, மிளகாய் விதைகளில் ஒவ்வொரு பிடி கொணரச் செய்மின். தந்தவர் பெயரும் விதைத்த நாளும் ஏட்டிற் குறித்து, பள்ளி முற்றத்திற் குப்பையுரமிட்டு விளைவித்து, வேண்டுவார்க்கு ஈந்து, இரட்டிப்பாகத் திரும்பப் பெறுமின். தோட்ட லயத்திற் காணியின்றி வாழும் பிள்ளைக்கும் இவ்வறத்திற் பங்குண்டாம். ஒரு மட்பாண்டமும் ஒருபிடி மண்ணும் போதும். அப்பிள்ளை, நாயனார் அகழ்ந்த நெல்லின் அருமையைத் தானே உணர்வான். முன்னோர் வைத்தது பின்னோர்க்குச் சென்றடையத் திருவருள் துணைநிற்க.