சிறிய தலைநகரும் உலக நகரம் என்னும் கருத்தும்

ஒரு நகரத்தை உலக நகரம் என்று அழைப்பதற்கு அதன் பரப்பும் மக்கள்தொகையும் தகுதியாகுமா, அதன் செல்வாக்கு தகுதியாகுமா, அது ஆற்றும் பணி தகுதியாகுமா என்னும் கேள்வி நகரவியலுக்கு உரியதாகத் தோன்றினாலும், எதை மதிப்புடையதாகக் கொள்வது என்று தெளிந்த பின்னரே எதைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்ய இயலும் என்பதால், அது அடிப்படையில் மெய்யியல் கேள்வியே ஆகும். சமூகவியலாளர் சாஸ்கியா சாஸ்சென் 1991-இல் வெளியிட்ட நூலில் நியூயார்க், லண்டன், டோக்கியோ ஆகிய மூன்று நகரங்களை ஆராய்ந்து, உலகெங்கும் பரவிக் கிடக்கும் உற்பத்தியை ஒருங்கிணைத்து இயக்கும் நிதி, சட்டம், கணக்கியல் முதலிய சேவைகள் குவிந்திருக்கும் இடமே உலகளாவிய நகரம் என்று விளக்கினார். பின்னர் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள், அத்தகைய நிறுவனங்களின் அலுவலகங்கள் நகரங்களை எவ்வளவு நெருக்கமாக இணைக்கின்றன என்று கணக்கிட்டு, அவற்றை ஆல்ஃபா, பீட்டா, காமா எனத் தரம் பிரித்தனர். இந்த அளவுகோல் பயனுள்ளதுதான் என்றாலும், அது அளப்பது உலகைத் தன்பால் ஈர்த்து ஆளும் ஆற்றலையே. உலகத்துக்குப் பயன்படும் ஆற்றலை அளக்க அதில் இடமில்லை.

நகரத்தின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது என்னும் சிக்கலை அரிஸ்டாட்டில் தமது ‘அரசியல்’ நூலில் எழுப்பியிருக்கிறார். பாபிலோன் பகைவர் கையில் வீழ்ந்து மூன்று நாள் ஆன பின்னும் அதன் ஒரு பகுதியினருக்குச் செய்தி எட்டவில்லை என்று சொல்லப்படுவதை எடுத்துக்காட்டி, மதிலுக்குள் அடங்கியவை எல்லாம் ஒரு நகரமாகிவிடா என்று அவர் உணர்த்துகிறார். ஹிப்போக்கிரட்டீஸைவிட உயரமானவர் பலர் இருந்தாலும், மருத்துவர் என்ற நிலையில் அவரே பெரியவர் என்பதுபோல, நகரத்துக்கும் ஒரு செயற்பயன் உண்டு, அதாவது அது நிறைவேற்றுவதற்கென அமைந்த பணி ஒன்று உண்டு, அதை நன்கு நிறைவேற்றும் நகரமே பெரிய நகரம் என்பது அவர் வாதம். இந்த வாதத்தை ஏற்றால், உலக நகரத்தின் செயற்பயன் யாது என்று கேட்க வேண்டியதாகிறது.

ஆரே ஆற்றின் வளைவுக்குள் அமைந்த பேர்ன் நகரம் இக்கேள்விக்குத் தக்க சான்றாகும். 1848 முதல் சுவிட்சர்லாந்தின் அரசும் நாடாளுமன்றமும் இயங்கும் கூட்டாட்சி நகரமாக அது விளங்கினாலும், அதன் இன்றைய மக்கள்தொகை 1,50,000-க்கும் குறைவே. வங்கிகளுக்குச் சூரிச்சும் பன்னாட்டு மாநாடுகளுக்கு ஜெனீவாவும் பெயர் பெற்றிருக்க, பேர்ன் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எனினும் 1874 அக்டோபர் 9-ஆம் நாள் 22 நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையால் உருவாகி, இன்று அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் என வழங்கும் அமைப்பு அன்றுமுதல் இந்நகரத்திலிருந்தே செயல்படுகிறது. அதற்கு முன்பு ஒரு கடிதம் எல்லை கடக்க வேண்டுமாயின், வழியிலுள்ள நாடுகள் தமக்குள் இரண்டிரண்டாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் வெவ்வேறு கட்டணங்களையும் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. புதிய உடன்படிக்கையோ உறுப்பு நாடுகள் அனைத்தையும் ஒரே அஞ்சல் நிலப்பரப்பாகக் கருதியது. 1876-இல் இந்தியாவும் இதில் இணைந்ததால், திருநெல்வேலியில் ஒட்டிய தபால்தலையை டோக்கியோவின் அஞ்சல்காரர் மதித்துக் கடிதத்தைக் கொண்டு சேர்க்கிறார்.

அந்த உடன்படிக்கையின் ஒரு விதி தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. வெளிநாட்டுக் கடிதத்துக்கு வசூலித்த கட்டணத்தை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளலாம், சேர்ப்பிக்கும் நாட்டுக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்பதே அது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் கடிதம் வரும், ஆகையால் இரு பக்கத்துக் கணக்கும் தானே நேராகிவிடும் என்னும் எண்ணம் அதற்கு அடிப்படையாக இருந்தது. நாடுகளுக்கு இடையே செல்லும் அஞ்சலும் வரும் அஞ்சலும் சமமாக இல்லை என்பது காலப்போக்கில் தெளிவானதால், சேர்ப்பிக்கும் நாட்டுக்கு ஈடு செலுத்தும் முறை 1969-இல் கொண்டுவரப்பட்டது. விதி மாறினாலும், முன்பின் அறியாதவரின் கடிதத்தையும் கொண்டு சேர்ப்பது கடமை என்னும் நெறி மாறவில்லை.

அலுவலகம் ஒன்று அமைந்திருப்பதால் மட்டும் ஒரு நகரம் உலக நகரமாகிவிடுமா, அது வெறும் முகவரிதானே என்று மறுப்பவர்கள் உண்டு. தந்தித் தொடர்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1948-இலும், 1886-இன் பேர்ன் உடன்படிக்கையின் வழி எழுத்தாளரின் பதிப்புரிமையைக் காத்த அலுவலகம் 1960-இலும் பேர்னை விட்டு ஜெனீவாவுக்குச் சென்றதை அவர்கள் காட்டலாம். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது: உலகத் தன்மை ஒரு நகரத்தின் நிலையான உடைமை அல்ல. ஆயினும் லண்டனிலோ பெர்லினிலோ இத்தகைய அலுவலகம் அமைந்திருந்தால் பிற வல்லரசுகள் அதை ஐயத்தோடு நோக்கியிருக்கும் என்பதையும், 1815 முதல் நடுநிலை ஏற்கப்பட்ட நாட்டின் சிறு நகரத்தை எவரும் அஞ்சத் தேவையில்லாதிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணினால், நாடுகள் அதன்மீது வைத்த நம்பிக்கைக்கு அதன் சிறிய அளவே ஒரு காரணமாயிற்று என்பது விளங்கும். ஒப்படைத்ததைத் தனதாக்கிக் கொள்ளாமல் அனைவருக்குமாகக் காப்பது உலக நகரத்தின் செயற்பயன் எனில், பெருநகரங்கள் பல அத்தகுதிக்கு இனிமேல்தான் முயல வேண்டும்.

ஒன்றியத்தின் நினைவாக 1909-இல் பேர்ன் பூங்கா ஒன்றில் திறக்கப்பட்ட சிற்பத்தில், ஐந்து கண்டங்களைக் குறிக்கும் பெண்ணுருவங்கள் பூவுலக உருண்டையைச் சுற்றி மிதந்தபடி கடிதங்களைக் கைமாற்றிக் கொள்கின்றன. பேர்ன் நகரத்தைக் குறிக்கும் பெண்ணுருவமோ அவ்வட்டத்தில் சேராமல் கீழே அமர்ந்திருக்கிறது. கடிதம் எதுவும் அவள் கையில் தங்குவதில்லை; ஆனால் அக்கைகள் ஒன்றையொன்று எட்டுவதற்கான ஒப்பந்தம் அவள் ஊரில்தான் எழுதப்பட்டது.