பள்ளிக்கு உடுத்தும் உடை



ஜவுளிக் கடைக்காரன் உடையைப் பற்றி எழுதினால் வியாபாரம் பேசுகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், விஷயத்தையும் கேளுங்கள். நம் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஆகவே, ஆபீசிலிருந்து ஓடி வந்தேன் என்று சொல்ல நம்மில் பலருக்கு இடமில்லை. அப்படியிருந்தும், முதுகில் எண்ணும் பெயரும் அச்சிட்ட பந்தாட்டச் சட்டையோடு நம் வாலிபர்கள் ஜும்ஆவுக்கு வருகிறார்கள். அதே வாலிபர் வேலை கேட்டுப் போகும் நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டல்லவா போகிறார்!

திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயம், 31ஆம் வசனம், தொழும் இடந்தோறும் நம்மை அழகுபடுத்திக்கொள்ளக் கட்டளையிடுகிறது. அழகு என்றால் விலை என்று எண்ண வேண்டாம். பள்ளிவாசலில் விற்பனைக்கிருந்த பட்டாடையைக் கண்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஜும்ஆவுக்கும் தூதர்களைச் சந்திக்கவும் அதை வாங்கிக்கொள்ளலாமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். நாயகம் அந்தப் பட்டைத்தான் மறுத்தார்கள். விசேஷ நாளுக்கு நல்லுடை வேண்டும் என்ற எண்ணத்தை மறுக்கவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் மற்றொரு சம்பவமும் உண்டு. வேலைப்பாடுள்ள போர்வையொன்று தொழுகையில் கவனத்தை இழுத்ததால், நாயகம் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களுக்குத் திருப்பியனுப்பி, வேலைப்பாடில்லாத ஒன்றை வாங்கி வரச் சொன்னார்கள். முன் ஸஃப்பில் நிற்பவர் முதுகிலுள்ள எழுத்தைப் பின்னால் நிற்பவர் எத்தனை முறை வாசிக்கிறாரோ! அதோடு, குட்டைச் சட்டையும் இறங்கிய சிலுவாருமாக ஸுஜூதுக்குப் போனால் மறைக்க வேண்டிய இடம் வெளியே தெரிகிறது. இது நாகரிகப் பிரச்சினையல்ல, தொழுகை கூடுமா என்ற பிரச்சினை.

நம் தமிழ்நாட்டு ஊர்களில் கைலி வீட்டுடை. இங்கே மலாய்ச் சகோதரர்கள் அதையே ‘காயின் பெலிக்காட்’ என்று சொல்லி, சட்டையும் சொங்கோக்குமாகப் பள்ளிக்கு உடுத்தி வருகிறார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காட்டின் பெயர்தான். அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணி. மடித்துக் கட்டினால் கடைத்தெரு, இறக்கிக் கட்டினால் பள்ளிவாசல். பணம் செலவழிக்காமலே கௌரவமாக வரலாம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி மறுபக்கம். சென்ற மாதம் செம்பனைத் தோட்டத்துச் சகோதரர் ஒருவர் வேலை முடிந்த கையோடு, கறை படிந்த சட்டையுடன் வந்து நின்றார். பனைக் குலையின் கறை நஜீஸ் அல்ல. பக்கத்திலிருந்த ஒருவர், “பின்னால் போய் நில்லுங்கள்” என்றார். அவர் பேசாமல் போனார். நான்கு வெள்ளி ஆகிவிட்டது, ஆளைக் காணவில்லை. நல்ல உடையும் நல்ல செருப்பும் பெருமையாகாது, உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நாயகம் விளக்கியிருக்கிறார்கள். அன்று அந்த ஸஃப்பில் பெருமை இருந்தது கறைச் சட்டையில் அல்ல.

பெண்கள் பகுதியில் தொழுகை ஆடை மாட்டி வைத்திருக்கிறோம். ஆண்களுக்கும், வேலைத்தலத்திலிருந்து நேரே வருவோருக்காக, கைலியும் சட்டையும் அலமாரியில் வைத்தால் என்ன? முதல் ஆறு கைலிகள் என் கடையிலிருந்து வரும். துவைத்து மடிக்கும் பொறுப்பை வாரம் ஒரு வீட்டார் ஏற்க வேண்டும். அந்தச் சகோதரரைப் பார்க்க வரும் வியாழன் மாலை இரண்டு மூன்று பேர் தோட்டத்துக்குப் போகிறோம். கூட வர விரும்புவோர் அஸருக்குப் பின் பள்ளியில் இருங்கள்.